பாதத்துல வர்றதெல்லாம் ஆணி இல்ல

ராமேஸ்வரம் போற வழியில இருக்குற மண்டபம் ஊருக்குப் பக்கத்துல ஒரு சின்ன மெடிக்கல் ஷாப்ல பதினாலு வருஷமா நிக்கிறேன். என்னென்னமோ மருந்து வந்துச்சு போச்சு, ஆனா இந்தக் கரையில ஒரு கேள்வி மட்டும் மாறவே இல்ல. "தம்பி, கால்ல ஆணி வந்துருக்கு, அந்த ஒட்டுறது ஒண்ணு குடு." ஒட்டுறதுன்னா கார்ன் கேப், ஆணி மேல ஒட்டுற மருந்துப் பிளாஸ்திரி. கேக்குறது கடல் பாசி எடுக்கப் போற அக்காவா இருக்கும், வாலிநோக்கம் உப்பளத்துல வேலை பாக்குற அண்ணனா இருக்கும், கீழக்கரைல இருந்து சொந்தக்காரங்க வீட்டுக்கு வந்த காக்காவா (அங்க அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவாங்க) இருக்கும், ஆனா எல்லாருக்கும் அதுக்குப் பேரு ஒண்ணுதான். கருவேல முள்ளு குத்தி உள்ள ஒடிஞ்சு தடிச்சுப் போனாலும் ஆணி, செருப்பு அழுத்திக் காய்ச்சுப் போனாலும் ஆணி, வைரஸ் வந்து மரு முளைச்சாலும் ஆணி.

நானும் ரொம்ப காலம் ஒண்ணும் கேக்காமதான் எடுத்துக் குடுத்துக்கிட்டு இருந்தேன். ஆறு வருஷம் முன்னாடி எங்க அத்தைக்கும் அப்படித்தான் குடுத்தேன். அத்தைக்கு அப்பவே சுகர் வந்து பன்னெண்டு வருஷம், மாத்திரை போடுவாங்க, போட மாட்டாங்க, அது அவங்க மனசு. பெருவிரலுக்குக் கீழ பாதத்துல வெள்ளையா சொரசொரன்னு ஒரு தடிப்பு. கேப்ப ஒட்டிக்கிட்டு நாலு நாள் அப்படியே தண்ணிக்குள்ள இறங்கி பாசி எடுத்துருக்காங்க, வலியே இல்லையாம், அஞ்சாவது நாள் ராத்திரி பிரிச்சுப் பாத்தா சுத்தியும் தோலு சுண்ணாம்பு மாதிரி வெளுத்து நடுவுல பள்ளம். மூணு மாசம் கட்டுப் போட்டோம். அப்ப கட்டுப் போட்ட டாக்டரம்மா சொன்னதுதான் எனக்கு இன்னைக்கும் காதுல நிக்குது, "இது ஆணியே இல்ல, மரு. வைரஸ். ஆணியா இருந்தாலும் சுகர் கால்ல இதை ஒட்டியிருக்கக் கூடாது."

அந்த கேப்புல நடுவுல இருக்குற மஞ்சள் மருந்து சாலிசிலிக் ஆசிட், பெரும்பாலும் 40 சதவீதம். அதுக்குத் தெரிஞ்ச வேலை தோலைக் கரைக்கிறது ஒண்ணுதான், இது கெட்ட தோலு இது நல்ல தோலுன்னு அதுக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியாது. நல்ல கால்னா எரியும், நாம பிச்சு எறிஞ்சிருவோம். உணர்ச்சி செத்த கால் எரியாது. டப்பாவுலயே சர்க்கரை நோயாளிங்க டாக்டரைக் கேக்காம போடக்கூடாதுன்னு பொடி எழுத்துல போட்டுருக்கு, நான் பதினாலு வருஷமா விக்கிறேன், அதை முதல்ல படிச்சது அத்தைக்குப் புண்ணு வந்த அப்புறந்தான். வெக்கமாத்தான் இருக்கு, இருந்தாலும் சொல்றேன்.

அதுல இருந்து இந்த விஷயத்தைக் கொஞ்சம் கொஞ்சமா படிச்சு, வர்ற டாக்டருங்ககிட்டயும் கேட்டு வச்சத இங்க எழுதுறேன். நான் டாக்டர் இல்ல, இதை வச்சு வீட்டுல வைத்தியம் பண்ணாதீங்க. எதைப் பாத்தா ஓடணும்னு தெரிஞ்சா போதும்.

முதல்ல வைரஸ்னா என்னன்னு ரெண்டு வரி. பாக்டீரியா தனியா பொழைக்கத் தெரிஞ்ச ஜீவன், திங்கும், ரெண்டாப் பிரியும், ஊரு முழுக்கப் பெருகும். வைரஸுக்கு அந்த வக்கு இல்ல, சொந்தமா அடுப்பு கிடையாது. நம்ம செல்லுக்குள்ள புகுந்து நம்ம அடுப்புலயே தனக்குச் சமைச்சுக்கிட்டு தன்னை மாதிரியே ஆயிரம் பண்ணிக்கும். அதனாலதான் பாக்டீரியாவைக் கொல்ற ஆன்டிபயாடிக் வைரஸ்கிட்ட எடுபடாது, கடைல வந்து "ஒரு அமாக்சிசிலின் குடு, மரு உதிர்ந்துரும்"னு கேக்குறவங்களுக்கு இது.

பாதத்துல மரு போடுறது மனித பாப்பிலோமா வைரஸ், சுருக்கமா ஹெச்பிவி. இதுல 200 வகைக்கு மேல இருக்கு, பேரு கிடையாது, நம்பர்தான். பாதத்துக்கு வர்றது பெரும்பாலும் 1, 2, 4, 27, 57 இந்த நம்பருங்க. ஹெச்பிவின்ன உடனே கர்ப்பப்பை வாய் புற்றுநோய் ஞாபகம் வந்து பயப்படுறவங்க இருக்காங்க, அது பெரும்பாலும் 16, 18ங்கிற வேற நம்பருங்க வேலை, பாதத்து மருவுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. இந்த வைரஸ் ரத்தத்துக்குள்ள போறது இல்ல, உள்ள வேர் விடுறதும் இல்ல, தோலோட மேல் அடுக்குலயே குடியிருக்கும். ஈரத்துல ஊறிப்போன தோலு, அதுல கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல், அவ்வளவு போதும் அதுக்கு. உள்ள புகுந்து வெளில தெரிய வாரக்கணக்குலயும் ஆகும், மாசக்கணக்குலயும் ஆகும், அதனால எங்க பிடிச்சோம்னு யாராலயும் சொல்ல முடியாது.

இப்ப நம்ம கரைய யோசிச்சுப் பாருங்க. பாசிக்குப் போற பொம்பளைங்க மணிக்கணக்கா கடல் தண்ணில நிக்கிறாங்க, விரல்ல துணி சுத்திக்கிட்டு கால்ல தேஞ்ச ரப்பர் செருப்பு, கீழ பாறையும் பவளக் கல்லும், கீறாத நாளே கிடையாது. கரைவலை இழுக்குறவங்க வெறுங்கால்ல ஈர மணல்ல. ராமேஸ்வரம் கோயில்ல 22 தீர்த்தத்துலயும் வாளி வாளியா ஊத்திக்கிட்டு நனைஞ்ச கல் தரையில வெறுங்கால்ல நடக்குறோம், வருஷம் முழுக்க எத்தனை ஆயிரம் கால் பட்ட தரை அது. தீர்த்தம் ஆடுனா மரு வரும்னு நான் சொல்ல வரல, சாமி கோவிச்சுக்கும். ஈரத் தரை, வெறுங்கால், தோல்ல கீறல், இந்த மூணும் சேருற இடம் அந்த வைரஸுக்கு வசதின்னு மட்டும் சொல்றேன். அதுக்கும் மேல நம்ம வீட்டுக் குளியலறைலயே ஒண்ணு கிடக்கு, கால் தேய்க்கிற கல்லு. வீட்டுல ஆறு பேரும் அதே கல்லுலதான் தேய்ப்போம். ஒருத்தருக்கு மரு இருந்தா அந்தக் கல்லு அதை வீட்டுக்கே பந்தி வச்சிரும்.

ஆணியையும் மருவையும் எப்படிப் பிரிச்சுப் பாக்குறதுன்னு டாக்டரம்மா எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க. நம்ம பாதத்துல கைரேகை மாதிரி மெல்லிசா ரேகை ஓடும்ல, ஆணியா இருந்தா அந்த ரேகை தடிப்பு மேலயே ஏறி இறங்கிப் போகும், மருவா இருந்தா ரேகை அதுக்கிட்ட வந்து நின்னு ஒதுங்கிச் சுத்திக்கிட்டுப் போகும், ஓடைத் தண்ணி கல்லைச் சுத்திப் போற மாதிரி. அப்புறம் மருவுல எள்ளு தெளிச்ச மாதிரி கருப்புப் புள்ளிங்க இருக்கும். அதைத்தான் "வேரு தெரியுது பாரு"ன்னு சொல்லி பிளேடால தோண்டுறாங்க. அது வேரும் இல்ல விதையும் இல்ல, மருவுக்குள்ள போற குட்டி ரத்தக் குழாய்ல ரத்தம் உறைஞ்ச புள்ளி. தோண்டுனா ரத்தம் வரும், வைரஸ் பக்கத்துத் தோலுக்கும் பரவும், ஒண்ணு இருந்த இடத்துல ஏழு வரும். ஆணி பெரும்பாலும் எடை விழுகுற இடத்துலயும் செருப்பு உரசுற இடத்துலயும்தான் வரும், மருவுக்கு அந்த மாதிரி கணக்கு இல்ல, பாத வளைவுலயும் வரும், விரல் இடுக்குலயும் வரும்.

இன்னொரு சோதனையும் இருக்கு. நேரா அமுக்குனா வலிக்கிறது ஆணி, ரெண்டு பக்கமும் கிள்ளுற மாதிரி பிடிச்சா வலிக்கிறது மரு. பெரும்பாலும் இது சரியா வரும், சுகர் ரொம்ப வருஷமா இருந்து கால் உணர்ச்சி செத்தவங்களுக்கு வராது. ஏன்னா ரெண்டுமே வலிக்காது. இந்த மொத்த விஷயத்துலயும் முடிச்சு விழுகுற இடம் இதுதான்னு நான் நினைக்கிறேன். உடம்புல எது வந்தாலும் நாம வலிய வச்சுத்தான் கண்டுபிடிக்கிறோம், வலிய வச்சுத்தான் பெருசா சிறுசான்னு முடிவு பண்றோம். "வலியில்ல தம்பி, சும்மா தடிப்பாத்தான் இருக்கு, கேப் மட்டும் குடு"ன்னு யாராவது சொன்னா முன்னாடி நிம்மதியா இருக்கும், இப்ப அங்கதான் எனக்கு வயித்தக் கலக்குது.

சுகர் கூடுதலா ரொம்ப வருஷம் ஓடுனா கால் நரம்பு நுனியில இருந்து காயும். முதல்ல விரல், அப்புறம் பாதம், அப்படியே சாக்ஸ் போட்ட மாதிரி மேல ஏறும். அதே நரம்புதான் வேர்வையையும் பாத்துக்குது, அது போனா பாதம் வேர்க்காம காய்ஞ்சு வெடிக்கும், ஒவ்வொரு வெடிப்பும் கிருமிக்கு ஒரு வாசல். ரத்தக் குழாயும் ஒரு பக்கம் சுருங்கும், புண்ணு ஆற வேண்டிய ரத்தம் வந்து சேராது. வைரஸ் புகுந்த செல்லை அடையாளம் பிடிச்சு அழிக்கிற வெள்ளை அணுக்களும் சர்க்கரை கூடுன ரத்தத்துல மந்தமாயிரும். சின்னப் பிள்ளைங்களுக்கு வர்ற மரு பாதிக்கு மேல ஒண்ணு ரெண்டு வருஷத்துல தானா உதிர்ந்துரும், உடம்பே அடையாளம் கண்டுபிடிச்சு தொரத்திரும், பெரியவங்களுக்கு அவ்வளவு லேசு இல்ல, சுகர் கட்டுல இல்லாதவங்களுக்கு இன்னும் இழுக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட (ஐசிஎம்ஆர்) ஆய்வு ஒண்ணு 2023ல வந்துச்சு, இந்தியாவுல 10 கோடிப் பேருக்கு மேல சுகர்னு, அதுல நம்ம தெருவுலயே எத்தனை பேருன்னு விரல் விட்டு எண்ணிப் பாருங்க, விரல் பத்தாது.

இதுக்கும் நம்ம ஊருக்கும் ஒரு தொடர்பு இருக்கு, தெரிஞ்சப்ப எனக்குப் பெருமையா இருந்துச்சு. வலி தெரியாத கால் ஏன் அழியுதுங்கிறத முதல்ல புரிய வச்சவங்கள்ல ஒருத்தரு வேலூர் சிஎம்சில தொழுநோயாளிங்களுக்கு ஆபரேஷன் பண்ண டாக்டர் பால் பிராண்ட். வெள்ளக்காரரு, ஆனா பொறந்தது 1914ல நம்ம கொல்லிமலைல. தொழுநோயில விரலும் காலும் போறதுக்குக் கிருமி சதையத் திங்கிறதுதான் காரணம்னு எல்லாரும் நினைச்ச காலத்துல, இல்லப்பா, வலி தெரியாம அவங்களே திரும்பத் திரும்ப அடிபட்டுக்குறாங்க, அதான் காரணம்னு காட்டுனாரு. பின்னாடி அமெரிக்கா போய் அதே பாடத்தைச் சுகர் காலுக்கும் சொன்னாரு. இன்னைக்கு சுகர்காரங்களுக்குக் குடுக்குற எம்சிஆர் செருப்பு, அந்த மெத்துன்னு இருக்குற ரப்பர், அதுவும் தொழுநோய் காலுக்குப் போட்டுப் பழகுனதுதான்.

சரி, மருவ விடுங்க, எனக்கு இதை விட பெரிய பயம் அக்கி.

அக்கின்னா நமக்குத் தெரியும், நெஞ்சுலயோ இடுப்புலயோ ஒரு பக்கமா கொத்துக் கொத்தா கொப்புளம். அது புதுசா வந்த வைரஸ் இல்ல. சின்ன வயசுல சின்னம்மை போட்டுச்சுல்ல, வேப்பிலை கட்டி பாயில படுக்க வச்சாங்கல்ல, அந்த வைரஸ் அன்னைக்குப் போகல. முதுகுத்தண்டு பக்கத்துல நரம்பு முடிச்சுக்குள்ள போய் படுத்துக்கிச்சு. நாப்பது அம்பது வருஷம் கழிச்சு, உடம்போட காவல் தளர்ற நேரம் பாத்து, ஒரு நரம்பப் பிடிச்சு இறங்கி வரும். அதனாலதான் அக்கி பெரும்பாலும் ஒரே பக்கம், நடுக்கோட்டைத் தாண்டாது. சுகர் இருக்குறவங்களுக்கு இது வர்ற வாய்ப்பு மத்தவங்களை விட கூடுதல்னு நல்லாவே நிரூபிச்சுருக்காங்க. நெஞ்சுலதான் அதிகம் வரும், கால்ல வர்றது கம்மி, கம்மிங்கிறதாலதான் கால்ல வந்தா யாருக்கும் அடையாளம் தெரியறது இல்ல.

இடுப்புக்குக் கீழ இருந்து இறங்குற ஒரு நரம்பு கெண்டைக்காலோட வெளிப்பக்கமா வந்து பாதத்து மேல பெருவிரல் வரைக்கும் போகும், இன்னொண்ணு குதிகாலு, சுண்டுவிரல் பக்கம், உள்ளங்கால்னு போகும். அக்கி இதுல ஒண்ணுல இறங்குனா, கொப்புளம் வர்றதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே அந்தப் பாதையில எரிச்சல், மின்சாரம் அடிக்கிற மாதிரி சுரீர்னு. இங்கதான் சுகர்காரங்க ஏமாந்து போறாங்க. அவங்களுக்குத்தான் பாத எரிச்சல் தினமும் இருக்கே, "இன்னைக்குச் சுகர் ஏறிருக்கும் போல"ன்னு இன்னொரு மாத்திரையப் போட்டுட்டுப் படுத்துருவாங்க. ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க, சுகர் எரிச்சல்னா ரெண்டு காலும் ஒரே மாதிரி எரியும், ஒரு கால் மட்டும், அதுவும் ஒரு கோடு மாதிரி எரிஞ்சா அது வேற விஷயம், மறுநாளும் அதுக்கு மறுநாளும் அந்த இடத்தைத் துணிய விலக்கிப் பாத்துக்கிட்டே இருக்கணும்.

கொப்புளம் வந்தப்புறமும் குழப்பம் தீராது. செருப்பு கடிச்சுருக்கும்பாங்க, சுடுமணல்ல நடந்து பொத்துருச்சும்பாங்க. சித்திரை வைகாசியில தனுஷ்கோடி மணல்ல நடந்து நிஜமாவே பொத்துப் போய் வர்றவங்களும் இருக்காங்க, உணர்ச்சியில்லாத காலுக்குச் சூடு தெரியாதுல்ல. இன்னொண்ணு, சுகர்னாலயே எந்தக் காரணமும் இல்லாம காலைல எந்திரிச்சுப் பாத்தா பெரிய தண்ணிக் கொப்புளம் நிக்கிற ஒரு வகையும் இருக்கு, அது வைரஸ் இல்ல, வலிக்காது, சுத்தி சிவக்கவும் செய்யாது. அக்கிக் கொப்புளம் சிறுசு சிறுசா, சிவந்த தோலு மேல கொத்தா, திராட்சை மாதிரி.

அக்கிக்கு மருந்து இருக்குங்க, அதான் ஆத்தாமையே. அசைக்ளோவிர், வாலசைக்ளோவிர் மாதிரி வைரஸ் மாத்திரை, கொப்புளம் கண்ணுல பட்டதுல இருந்து 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாத்தான் அதோட முழுப் பலன். வெள்ளிக்கிழமை ராத்திரி கொப்புளம் வந்தா திங்கக்கிழமை ராத்திரியோட கெடு முடியுது. நம்ம ஊர்ல அந்த மூணு நாளும் எங்க போகுதுன்னா அக்கி எழுதப் போகுது. மண்பானை செய்யுறவங்க வீட்டுக்குப் போய் காவியக் குழைச்சு இறகால எழுதிக்கிட்டு வருவாங்க, மூணு நாள் தொடர்ந்து. எங்க அப்பாவுக்கும் எழுதுனோம், குளிர்ச்சியா இருக்குதுன்னு சொன்னாரு, நான் அதைக் கேலி பண்ணல. ஆனா அக்கிக் கொப்புளம் ரெண்டு மூணு வாரத்துல தானாவே காய்ஞ்சு உதிர்றது, அதனால எழுதுனவங்க பேருக்குப் புண்ணியம் போயிருது, உள்ள நரம்பு பட்ட அடிய யாரும் கணக்குல எடுக்குறது இல்ல. தோலு ஆறுன அப்புறமும் மாசக்கணக்கா, சிலருக்கு வருஷக்கணக்கா அந்த எரிச்சல் நிக்கும், போர்வை பட்டாலே துடிப்பாங்க, வயசானவங்களுக்கு இது அதிகம். ஏற்கனவே சுகர்னால அடிபட்ட நரம்பு மேல இதுவும் விழுந்தா என்ன ஆகும்னு பாத்துக்கங்க. எழுதணும்னா எழுதுங்க, மாத்திரைய ஆரம்பிச்சுட்டு எழுதுங்க. சிறுநீரகத்துல பிரச்சனை இருக்குறவங்களுக்கு இந்த மாத்திரை அளவு மாறும், சுகர்காரங்கள்ல நிறையப் பேருக்கு அந்தப் பிரச்சனை இருக்கு, அதனால பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிட்ட மிச்சத்தை வாங்கி முழுங்கக் கூடாது.

கொப்புளத்துத் தண்ணி பட்டா, இதுவரைக்கும் சின்னம்மை வராதவங்களுக்குச் சின்னம்மை வரலாம், அக்கி வராது. கைக்குழந்தைகிட்டயும் மாசமா இருக்குற பொண்ணுகிட்டயும் தள்ளி இருக்கணும், கொப்புளத்தை மூடி வைக்கணும். அக்கிக்குத் தடுப்பூசியும் இருக்கு, 2023ல இந்தியாவுக்கு வந்துச்சு, 50 வயசுக்கு மேல ரெண்டு ஊசி. விலை ஆயிரக்கணக்குல, நம்ம ஆளுங்களுக்கு எட்டாது, கேட்டவங்களுக்கு விலையச் சொன்னா சிரிச்சுட்டுப் போயிருவாங்க.

அடுத்தது நகச்சுத்து. கை விரல்னா உடனே எலுமிச்சம்பழத்துல ஓட்டை போட்டு விரலைச் சொருகிருவோம், கால் விரல்னா மஞ்சள் பத்து. பெரும்பாலும் அது பாக்டீரியா சீழ் பிடிக்கிறது, கீறி விட்டா ஆறும். அரிதா, ரொம்ப அரிதாதான், உதட்டோரம் கொப்புளம் போடுதுல்ல ஹெர்பிஸ், அதே வைரஸ் கால்விரல் நுனியில வந்து உக்காரும். பாத்தா நகச்சுத்து மாதிரியே வீங்கிச் சிவந்து இருக்கும், ஆனா ஒரே சீழ்க்கட்டியா இல்லாம சின்னச் சின்னக் கொப்புளமா, உள்ள கெட்டிச் சீழுக்குப் பதிலா தெளிஞ்ச தண்ணி. இதைக் கீறக் கூடாது, கீறுனா பாக்டீரியாவும் கூட வந்து சேர்ந்துக்கும், சுகர் விரல்ல அது எங்க போய் முடியும்னு சொல்ல வேண்டியதில்ல. ஒரு தடவை வந்த அதே இடத்துல திரும்பத் திரும்ப வந்தா அது நகச்சுத்து இல்ல, இதுன்னு சந்தேகப்படலாம்.

பேரப்பிள்ளைங்க கொண்டு வர்றது ஒண்ணு இருக்கு, கை, கால், வாய்னு மூணு இடத்துலயும் கொப்புளம் போடுற நோய். பேரே அதுதான், கை கால் வாய் நோய். காக்சாக்கி வைரஸ் கூட்டம். 2022 மே மாசம் கேரளாவுல கொல்லம் பக்கம் பிள்ளைங்களுக்குச் சிவப்புக் கொப்புளம் வந்து தக்காளி காய்ச்சல்னு பேப்பர்ல எல்லாம் போட்டாங்களே, அதுவும் இந்த வகையறாதான்னு பின்னாடி சொன்னாங்க. அங்கன்வாடியில ஒரு பிள்ளைக்கு வந்தா வாரத்துல நாலு வீட்டுக்குப் போயிரும். பிள்ளைங்களுக்கு ஒரு வாரம் பத்து நாள்ல சரியாப் போகும், பெரியவங்களுக்கு வர்றது கம்மி, வந்தா உள்ளங்கால்ல தட்டையா சாம்பல் கலர்ல கொப்புளம், ஒண்ணு ரெண்டு மாசம் கழிச்சு நகம் அடியில இருந்து கழண்டு வரும். நகம் திரும்ப முளைச்சிரும், பயம் அது இல்ல. பாட்டிக்குச் சுகர், உள்ளங்கால்ல கொப்புளம் உடைஞ்சது அவங்களுக்கே தெரியாம ஈரத் தரையில நடக்குறாங்க, அதுதான் பயம். பிள்ளைக்கு வந்துருக்குன்னா அந்த ரெண்டு வாரமும் பாட்டியோட உள்ளங்காலையும் யாராவது பாக்கணும்.

பாலுண்ணின்னு சொல்றோமே, முத்து மாதிரி, நடுவுல தொப்புள் குழியோட, அதுவும் ஒரு அம்மை வகை வைரஸ்தான், உள்ளங்கால்ல வர்றது அபூர்வம். ஆட்டுக்கு வாய்ப்புண் வந்தா கறக்குறவங்க, மேய்க்கிறவங்க கையில வர்ற கட்டியும் அதுக்குத் தூரத்துச் சொந்தம். இது ரெண்டையும் பேருக்குச் சொல்லிட்டுப் போறேன், நான் கால்ல பாத்தது இல்ல.

ஆனா மரு வேஷம் போட்டுக்கிட்டு வர்றது சிலது இருக்கு, அதைச் சொல்லாம விட முடியாது. உணர்ச்சியில்லாத கால்ல ஒரே இடம் வருஷக்கணக்கா உரசி உரசி, வைரஸே இல்லாம மரு மாதிரி பூ விரிஞ்சு தடிக்கும். முள்ளு உள்ள நின்னு கட்டியாகும், நம்ம மாவட்டத்துல சீமைக்கருவேல முள்ளு குத்தாத பாதம் உண்டா, நல்ல காலா இருந்தா அன்னைக்கே ஊக்கால எடுத்துருவோம், சுகர் கால்ல மூணு மாசம் உள்ளயே இருக்கும். முள்ளு வழியா மண்ணுல இருக்குற பூஞ்சை உள்ள போய் பாதமே வீங்கி ஓட்டை ஓட்டையா சீழோட குருணை குருணையா வந்தா அது மதுரைக் கால், 1842லயே மதுரையில பாத்து எழுதி வச்சதால உலகம் முழுக்க அந்தப் பேரு. அதோட, மரு மாதிரியே மெதுவா வளர்ற ஒரு புற்றுநோயும் பாதத்துல உண்டு, பல பேரு அதை வருஷக்கணக்கா மருன்னு நினைச்சு மருந்து போட்டுக்கிட்டே இருப்பாங்க. அதனால வைத்தியம் பாத்தும் மூணு மாசமா அசையல, பெருசாகுது, நாத்தம் வருது, ரத்தம் கசியுது, இல்ல உள்ளங்கால்ல கருப்பா ஒரு மச்சம் பரவுதுன்னா ஒரு துண்டு எடுத்து டெஸ்டுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்க. நாமளே கேக்கலாம், தப்பு இல்ல.

டாக்டர்கிட்ட போனா என்ன பண்ணுவாங்கன்னு தெரியாமலேயே நிறையப் பேரு போறது இல்ல, காலை எடுத்துருவாங்கன்னு பயம். முதல்ல உணர்ச்சி பாப்பாங்க, ஒரு குச்சியில நைலான் நரம்பு இருக்கும், பாத்தா நம்ம தூண்டில் தங்கூசி மாதிரியே இருக்கும், 10 கிராம் அழுத்தத்துல வளையுற மாதிரி செஞ்சது. கண்ணை மூடச் சொல்லி பாதத்துல அங்கங்க தொடுவாங்க, தெரியுதான்னு கேப்பாங்க. அத்தைக்கு வச்சப்ப நான் பக்கத்துல நின்னேன், நரம்பு வளைஞ்சு நிக்குது, அத்தை "இன்னும் தொடலையா டாக்டர்"னு கேக்குறாங்க. அப்புறம் ரத்த ஓட்டம், பாதத்துல நாடி பிடிச்சுப் பாத்து, கையில பிரஷர் பாக்குற மாதிரி கணுக்கால்லயும் பாத்து அதைக் கைப் பிரஷரால வகுப்பாங்க, 0.9க்குக் கீழ வந்தா கால் ரத்தக் குழாய்ல அடைப்புன்னு அர்த்தம். இந்த ரெண்டும் தெரிஞ்சப்புறந்தான் மருவை என்ன பண்ணலாம்னு முடிவே. திரவ நைட்ரஜன், மைனஸ் 196 டிகிரி, அதைத் தொட்டு உறைய வச்சு உதிர வைக்கிறது நல்ல காலுக்கு நல்ல வைத்தியம், ரத்தம் போகாத காலுக்கு அதுவே புண்ணாகும். சாலிசிலிக் ஆசிட்டையே டாக்டர் கண் பார்வையில, சுத்தித் தோலுக்கு வாசலின் தடவி மறைச்சுட்டு, கொஞ்சமா போடுறதும் உண்டு. எனக்கு ஆச்சரியமா இருந்தது இன்னொண்ணு, பிள்ளைங்களுக்குப் போடுற தட்டம்மைத் தடுப்பூசி மருந்தை ஒரு மருவுக்குள்ள ஊசியா போடுவாங்க, உடம்போட படை அங்க ஓடி வரும், வந்த இடத்துல ஒளிஞ்சிருந்த மரு வைரஸையும் அடையாளம் கண்டுக்கும், ஊசி போடாத மத்த மருவும் சேர்ந்து உதிரும். எல்லாருக்கும் நடக்காது, நடந்தவங்களைப் பாத்துருக்கேன். இது எல்லாத்தையும் விட, வளராம தொந்தரவு இல்லாம இருந்தா சும்மா விட்டுட்டுச் சுகரைக் கட்டுல வச்சுக்கிட்டு மாசத்துக்கு ஒரு தடவை பாக்குறதும் ஒரு வைத்தியந்தான்னு டாக்டரம்மா சொன்னாங்க.

வீட்டுல பண்ணக் கூடாதது நிறைய இருக்கு, நம்ம ஆளுங்க கற்பனைக்கு அளவே இல்ல. சுண்ணாம்பும் சோடா உப்பும் குழைச்சு வைக்கிறது, சேங்கொட்டையச் சுட்டு வைக்கிறது, ஊதுபத்தியால சுடுறது, மருவைச் சுத்தி முடியக் கட்டுறது, பேட்டரி ஆசிட் ஊத்துன ஒரு டிரைவர் அண்ணன் வரைக்கும் நான் பாத்துட்டேன். அம்மான் பச்சரிசிப் பாலு இதுங்களுக்கு நடுவுல சாது, அதுவும் வெடிச்ச தோலுல பட்டா எரிச்சுப் புண்ணாக்கும்.

பண்ண வேண்டியது சின்ன விஷயம். குனிஞ்சு உள்ளங்காலைப் பாக்க முடியாத வயசுல இருக்குறவங்களுக்கு போன் கேமரா போதும், வாரத்துல ரெண்டு நாள் பேத்தியை விட்டு ரெண்டு உள்ளங்காலையும் போட்டோ எடுக்கச் சொல்லுங்க, போன வாரத்துப் போட்டோவோட வச்சுப் பாருங்க. தேதி போட்டு இருந்தா டாக்டருக்கும் உதவும். கால் கழுவுனா விரல் இடுக்கைத் துடைங்க, பாதத்துக்குத் தேங்காய் எண்ணெய் போடுங்க, இடுக்குல போடாதீங்க. கால் தேய்க்கிற கல்லை ஆளுக்கு ஒண்ணு வாங்குங்க, இருபது ரூபாக் கல்லு. மக்களைத் தேடி மருத்துவத்துல மாத்திரை குடுக்க வீட்டுக்கு வர்ற அக்காகிட்ட காலையும் காட்டுங்க, மாத்திரைய வாங்கிட்டு கதவைச் சாத்திராதீங்க. ராமநாதபுரத்துல 2022ல இருந்து அரசு மருத்துவக் கல்லூரியே வந்துருச்சு, தோல் டாக்டரைப் பாக்க முன்ன மாதிரி மதுரைக்கு பஸ் ஏறணும்னு இல்ல.

அத்தை இப்பவும் பாசிக்குப் போறாங்க, சொன்னா கேக்குற ஆளு இல்ல. கால்ல கட்டுற மாதிரி ஷூ ஒண்ணு வாங்கிக் குடுத்தேன், முதல் நாளே ஒண்ணைக் கடல்ல விட்டுட்டு வந்துட்டாங்க. மரு போன இடத்துல தழும்பு இருக்கு, மாசம் ஒரு தடவை கடைக்கு வந்து ஸ்டூல்ல உக்காந்து காலை நீட்டுவாங்க, நான் டார்ச் அடிச்சுப் பாப்பேன். அதைப் பாத்துட்டு வேற ரெண்டு மூணு பேரும் காலை நீட்ட ஆரம்பிச்சுருக்காங்க. கார்ன் கேப் கேட்டு வர்றவங்ககிட்ட "சுகர் இருக்கா, காலைக் காட்டுங்க"ன்னுதான் முதல்ல கேக்குறேன், பாதிப் பேரு காட்டுவாங்க, மீதிப் பேரு "மருந்து கேட்டா ஜோசியம் பாக்குறான்"னு திட்டிட்டு பஸ் ஸ்டாண்டுக் கடைக்குப் போயிருவாங்க, அங்க கேக்காம குடுத்துருவாங்க.